செல்வி குதிக்கவில்லை, அண்ணி

என் அண்ணிக்கு, இப்போது இருக்கிற இடத்திலாவது யாரும் உங்களைப் பேச்சுக்குக் கூப்பிட்டு இழுக்காமல் இருக்கட்டும் என்ற ஆசையோடு சரசு எழுதுவது.

இன்றோடு பதினோரு நாள் ஆகிறது. வரும் ஞாயிற்றுக்கிழமை உங்கள் கருமாதி. நம் பழைய ரப்பர் தோட்டத்து ஆட்கள் லிங்கியிலிருந்தும் தம்பினிலிருந்தும் பஸ் பிடித்து வருகிறார்கள். நம்மைப்போல் நீலாயில் இந்தத் தாமான் குடியிருப்புக்கு வந்தவர்கள் மண்டபத்தைக் கழுவிவிட்டுக்கொண்டிருக்கிறார்கள். எல்லாம் முறையாகத்தான் நடக்கிறது. எனக்குத்தான் வயிறு எரிகிறது.

நேற்று கோயில் செயலாளர் வீட்டுக்கு வந்தார். கையில் உங்கள் நினைவு மலரின் அட்டை. உங்கள் அடையாளக் கார்டுப் படத்தைப் பெரிதாக்கி, தலைக்குப் பின்னால் ஒளிவட்டம் வேறு போட்டிருக்கிறார்கள். நீங்கள் பார்த்திருந்தால் சிரித்துச் சிரித்து இருமல் வந்திருக்கும். அதற்குக் கீழே கொட்டை எழுத்தில் ‘எல்லாரையும் மன்னிக்க வைத்த அன்னை’ என்று அச்சடித்திருக்கிறார்கள்.

“சரசு, நீதான் நல்லா எழுதுவ. அண்ணியைப் பத்தி ரெண்டு பக்கம் எழுதிக் குடுலா. சண்டை போட்டவங்கள எல்லாம் மன்னிக்க வெச்சாங்கள்ல, அதக் கொஞ்சம் உருக்கமா எழுது” என்றார்.

மன்னிக்க வைத்தீர்களாம்! யாரை, எப்போது? இருபது வருஷத்துக்கு மேல் நீங்கள் தோட்டத்தில் சண்டை தீர்க்கும் பேச்சுக்குப் போனீர்கள். அதில் ஒரே ஒரு தடவையாவது, அடிபட்ட யாரிடமாவது, “போகட்டும், மன்னிச்சிரு” என்று சொல்லியிருப்பீர்களா? அந்த வார்த்தையைக் கேட்டாலே உங்களுக்கு முகம் சுருங்கும். “அது அவங்க சாமான்லா. குடுக்கிறதும் குடுக்காததும் அவங்க இஷ்டம். நம்ம யாரு கேக்கிறதுக்கு?” என்பீர்கள். செத்துப் பதினாறு நாள் ஆவதற்குள் உங்கள் வாயில் இல்லாத வார்த்தையை உங்கள் படத்துக்குக் கீழேயே ஒட்டிவிட்டார்கள்.

மன்னிக்க வைத்தவர்கள் யார் என்று எனக்குத் தெரியும். கோயில் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஆம்பிளைகள். காலையில் ஒருத்தன் ஒருத்தியை அடித்திருப்பான். சாயந்திரம் வெற்றிலைத் தட்டு வந்துவிடும். “தட்ட வாங்கிக்க, பேச்ச முடிச்சிரலாம்” என்பார்கள். தட்டு கை மாறியதோடு சரி. அதற்குப் பிறகு அடிவாங்கியவள் வாயைத் திறந்தால், முடிந்த பேச்சைக் கிளறுகிறாள் என்று அவளுக்குத்தான் கெட்ட பேர். அடித்தவன் மறுநாளே பைப்படியில் மீசையை முறுக்கிக்கொண்டு நிற்பான்.

நீங்கள் செய்தது வேறு. ஆயாக் கொட்டகையில் நாற்பது பிள்ளைகளுக்குக் கஞ்சி ஊற்றி, தொட்டில் ஆட்டி, மதியம் தாய்மார்கள் வந்து பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போன பிறகுதான் உங்கள் அந்த வேலை தொடங்கும். அடிபட்டவர் வீட்டுக்கு முதலில் போவீர்கள். வெறுங்கையோடு போவீர்கள். வாசலில் நின்று “உள்ள வரலாமா?” என்று கேட்பீர்கள். வேண்டாம் என்றால் திரும்பி வந்துவிட்டு இன்னொரு நாள் போவீர்கள். மூன்று தடவை. உட்கார்ந்த பிறகும் நீங்களாக எதுவும் பேசமாட்டீர்கள். கடைசியில், “உனக்கு என்ன வேணும்?” என்று மட்டும் கேட்பீர்கள். அதற்கு அவர்கள் பதில் சொல்லாமல் எதிராளியின் வீட்டுப் பக்கம் தலைவைத்துக்கூடப் படுக்கமாட்டீர்கள்.

வீராயி கதை ஒன்று போதும். கண்ணம்மா தன் ரவிக்கை காணவில்லை என்று, பைப்படியில் அத்தனை பேர் முன்னால் வீராயியைத் திருடி என்றாள். மூன்று நாள் கழித்து ரவிக்கை கண்ணம்மாவின் சொந்தப் பெட்டியிலேயே கிடைத்தது. கோயில்காரர்கள் தட்டோடு வந்தார்கள். நீங்கள் வீராயியைக் கேட்டீர்கள். அவள், “எங்க வெச்சுச் சொன்னாளோ அங்க வெச்சே சொல்லணும். அதே சத்தத்துல சொல்லணும்” என்றாள். கண்ணம்மா பைப்படியில், அதே நேரத்தில், அதே கூட்டத்தின் முன்னால் சொன்னாள். முதல் தடவை முணுமுணுத்தாள். “அன்னைக்கு இவ்வளவு மெதுவாவா சொன்ன?” என்று கேட்டீர்கள். மறுபடி சொல்ல வைத்தீர்கள். வீராயி மன்னித்தாளா? இல்லை. சாகும்வரை கண்ணம்மாவோடு பேசவில்லை. ஆனால் அன்றிலிருந்து வீராயி தலைநிமிர்ந்து தண்ணீர் பிடித்தாள். உங்களுக்கு அது போதுமாக இருந்தது.

இதையெல்லாம் எழுதினால் செயலாளருக்கு உருக்கமாக இருக்காது. இருக்கட்டும். நான் அவருக்காக எழுதவில்லை.

நீங்களும் தவறு செய்தீர்கள் என்பதையும் எழுதத்தான் போகிறேன். ஒளிவட்டம் போட்டவர்கள் கோபித்துக்கொள்ளட்டும். நீங்களே அதை மறைத்ததில்லை, நான் எதற்கு மறைக்க வேண்டும்?

எண்பதுகளின் தொடக்கம் அது. என் அண்ணன், உங்கள் வீட்டுக்காரர், டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த காலம். காலையில் பள்ளிக்கூடப் பிள்ளைகளை டிரெய்லரில் ஏற்றி மெயின் ரோட்டுக்குக் கொண்டுபோய் விடுவது அவன் வேலை. முனியம்மாவின் மகள் செல்விக்கு அப்போது பதின்மூன்று வயது. அன்று செம்மண் ரோட்டு வளைவில் அவள் டிரெய்லரிலிருந்து கீழே விழுந்தாள். இடது கை சக்கரத்துக்கு அடியில் போய்விட்டது. சிரம்பான் பெரியாஸ்பத்திரியில் மணிக்கட்டோடு எடுத்துவிட்டார்கள்.

வண்டி நிற்கும் முன்னே பிள்ளை குதித்துவிட்டாள் என்று அண்ணன் ஆபீசில் சொன்னான். ஆபீஸ் குமாஸ்தா கிராணி அதை எழுதிக்கொண்டார். எழுதியதோடு விட்டாரா? மறுநாள் விடியற்காலையில், வேலைக்கு ஆள் பிரிக்கிற பெரட்டுக் களத்தில், எல்லாரையும் நிற்க வைத்து வாசித்தார். “பிள்ளைங்க வண்டியிலிருந்து குதிக்கக் கூடாது. செல்வி குதிச்சதாலதான் கை போச்சு. தாய் தகப்பன் புத்தி சொல்லணும்.” முனியம்மா அந்தக் கூட்டத்தில் ரப்பர் பால் வாளியோடு நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் பிள்ளை இன்னும் கண் விழிக்கவில்லை.

படித்த மனுஷன் ஒருத்தன், ஒரு தாயின் எதிரில் நின்றுகொண்டு, அவள் பிள்ளையின் கை போன பழியை அவள் பிள்ளையின் தலையிலேயே கட்டினான்.

அப்போது நீங்கள் என்ன செய்தீர்கள்? புருஷன் ஓட்டிய வண்டி. உங்களால் பொறுக்க முடியவில்லை. அவன் சொன்னதை நம்பினீர்கள். குதித்ததாகவே இருந்தாலும் வண்டி நம்முடையது என்று மனசு அடித்துக்கொண்டது. இத்தனை வருஷம் மற்றவர்களிடம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன அதே தட்டை எடுத்துக்கொண்டு, எட்டாம் நாளே அண்ணனையும் கூட்டிக்கொண்டு முனியம்மா வீட்டுக்குப் போனீர்கள். மூன்று தடவை போகவில்லை. வெறுங்கையோடும் போகவில்லை. முனியம்மா அழுதாள். நீங்களும் அழுதீர்கள். அவள் தட்டை வாங்கிக்கொண்டாள். பேச்சு முடிந்தது.

அடுத்த மாதம் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த செல்வி திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்தபோது, அவளைப் பற்றிய பேச்சை யாரும் பேசக்கூடாது என்று ஆகிவிட்டிருந்தது. தட்டு வாங்கியாகிவிட்டது அல்லவா? ஆனால் ஒரு பெயர் மட்டும் லயத்து வீடுகள் முழுக்கத் தாராளமாக நடமாடியது. குதிச்ச பொண்ணு. பள்ளிக்கூடத்தில் அப்படிக் கூப்பிட்டார்கள். பெற்ற தாயே கோபம் வரும்போதெல்லாம் “ஏண்டி குதிச்ச, பாவி?” என்று முதுகில் வைத்தாள். ஏழு வருஷம்.

பிறகு தோட்டத்தை விற்றுவிட்டார்கள். துண்டாடப் போகிறார்கள், மாதக் கடைசியோடு பெரட்டு கிடையாது, ஆளுக்கொரு பக்கம் போக வேண்டியதுதான் என்று நோட்டீஸ் ஒட்டிய வாரத்தில், செல்வி ஆயாக் கொட்டகைக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இருபது வயசு. நீலாயில் ஒரு ஃபேக்டரியில் டெலிபோன் எடுக்கிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். உங்கள் மடியில் ஒரு கைக்குழந்தை. நான் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன்.

“அத்தை, நான் குதிக்கல” என்றாள்.

நீங்கள் குழந்தையைத் தொட்டிலில் போட்டீர்கள். “உக்காரு. சொல்லு.”

“பக்கப் பலகை தொறந்துக்கிச்சு. நான் ரிப்பன் கட்டிக்கிட்டு அதுல சாஞ்சிருந்தேன். ஏழு வருஷமா எல்லாரும் குதிச்ச, குதிச்சங்கிறாங்க. சில நாளு எனக்கே சந்தேகம் வருது அத்தை. ஒருவேளை குதிச்சிட்டேனோ?”

நீங்கள் அவள் முகத்தைப் பார்த்தே சொன்னீர்கள். “நான் தப்பு பண்ணிட்டேன் செல்வி. உங்கம்மாவக் கேட்டேன். உன்னைக் கேக்கல. உனக்கு என்ன வேணும்?”

அவள் அழவில்லை. ஆத்திரத்தில் அவளுக்கு மூக்கு விடைத்தது. “இத்தனை வருசத்துல இப்பதான் ஒருத்தர் கேக்குறீங்க. கிராணி பெரட்டுல வெச்சுதானே சொன்னாரு? மாமாவும் பெரட்டுல வெச்சே சொல்லணும். எல்லாரும் பிரிஞ்சு போறதுக்கு முந்தி சொல்லணும். இவங்கல்லாம் எந்தெந்த ஊருக்குப் போறாங்களோ அங்கெல்லாம் நான் குதிச்சதையும் கட்டி எடுத்துக்கிட்டுப் போயிருவாங்க. அப்புறம் நான் யாருகிட்ட போய்ச் சொல்றது?”

மூன்று வாரம்தான் இருந்தது. கோயில்காரர்கள் கொதித்துப் போனார்கள். தட்டு வாங்கின பேச்சைத் திரும்ப எடுப்பதா, அதுவும் ஒரு பொம்பளை, அதுவும் சொந்தப் புருஷனுக்கு எதிராகவா என்று உங்கள் வாசலில் வந்து நின்று கத்தினார்கள். நீங்கள் அரிசி புடைத்துக்கொண்டே பதில் சொன்னீர்கள். “தட்டு வாங்கினது அவங்கம்மா. கை போனது இவளுக்கு. இவ கையில யாரு தட்டு குடுத்தா?” அவர்கள் இன்னும் பலமாகக் கத்தினார்கள்.

அண்ணனை நீங்கள் அதட்டவில்லை. சோறு போட்டீர்கள், சட்டை துவைத்தீர்கள், தினமும் ஒரே ஒரு கேள்வி கேட்டீர்கள். “செல்வி குதிச்சாளா?” முதல் வாரம் சோற்றுத் தட்டைத் தூக்கி எறிந்தான். இரண்டாம் வாரம் வீட்டுக்கே வராமல் ஸ்டோர் பக்கம் படுத்துக்கொண்டான். எனக்கு அவன்மேல் பாவமாக வந்தது. கூடப் பிறந்தவன் அல்லவா? உங்களிடம் வந்து வாய்க்கு வந்தபடி கேட்டேன்.

“நீங்களெல்லாம் ஒரு பொண்டாட்டியா? ஊரு முன்னாடி புருசன நிக்க வெச்சு அசிங்கப்படுத்தணுமா?”

“பொண்டாட்டிதான் சரசு. அதான் கேக்குறேன். வேற யாரு அவரக் கேப்பா?”

அதோடு நில்லாமல் என்னை ஒரு பார்வை பார்த்தீர்கள். நான் அங்கிருந்து கிளம்பிவிட்டேன். ஏன் கிளம்பினேன் என்பதை இந்தக் கடிதத்தில் எழுதாமல் முடிக்கமாட்டேன்.

மூன்றாம் வாரமும் அதையே கேட்டீர்கள். கடைசிப் பெரட்டுக்கு முந்தின நாள் அண்ணன் தானாகவே களத்துக்கு வந்து நின்றான். இன்னும் வெளிச்சம் சரியாக வரவில்லை. வேலையை மேற்பார்க்கிற மண்டோர் பெயர் வாசித்து முடித்ததும் நீங்கள் செல்வியைப் பார்த்தீர்கள். அவள் தலையாட்டினாள். அவள் தலையாட்டாமல் நீங்கள் தொடங்கியிருக்கமாட்டீர்கள்.

“அன்னைக்கு ஒரு தப்பு நடந்து போச்சு...” என்று ஆரம்பித்தான்.

“தானா நடக்கல. யாரு செஞ்சா?” என்றீர்கள்.

அவன் மறுபடி ஆரம்பித்தான். “நான்தான். பக்கப் பலகைக்குக் கொக்கி போடல. நேரமாச்சுன்னு வளைவுல வேகத்தைக் குறைக்கல. செல்வி குதிக்கல. குதிச்சான்னு நான் சொன்னது பொய். அப்படிச் சொல்லிட்டா யாருக்கும் பிரச்சனை இல்லன்னு கிராணி சொன்னாரு. நானும் அப்படியே சொல்லிட்டேன்.”

கிராணி கோப்பைப் புரட்டிக்கொண்டு தரையைப் பார்த்தார். கூட்டத்தில் ஒரே முணுமுணுப்பு. அப்போது செல்வி கேட்டாள். அவள் அதைக் கேட்பாள் என்று நீங்கள்கூட எதிர்பார்த்திருக்கமாட்டீர்கள்.

“வேற யாரும் பாக்கலையா? வண்டியில எம் பக்கத்துல ஆளு இருந்தாங்கள்ல?”

ஒருவரும் வாய் திறக்கவில்லை. சங்கு ஊதியது. எல்லாரும் வேலைக்குப் போனோம்.

அதனால் என்ன ஆயிற்று தெரியுமா, அண்ணி? உங்களுக்குத் தெரியும். வாரம் முடிவதற்குள் பேச்சு திரும்பிவிட்டது. “பொண்டாட்டி தொல்லை தாங்காம அவன் என்னமோ சொல்லிட்டுப் போனான். பாத்தவங்க ஒருத்தராச்சும் சொன்னாங்களா?” என்றார்கள். எந்தப் பேச்சை நீங்கள் கட்டி நிறுத்தினீர்களோ அது சாமான் லாரிகளில் ஏறி ஊர் ஊராகப் போய்விட்டது. ஏழெட்டு வருஷம் கழித்து, உங்கள் சாவு வீட்டில், உங்களைக் கிடத்தியிருந்த கூடத்தில், தம்பினிலிருந்து வந்த ஒருத்தி தன் மருமகளிடம், “அதோ, அந்தக் கை இல்லாத பொண்ணு. சின்னதுல வண்டியிலேர்ந்து குதிச்சிருச்சு” என்று காட்டிக்கொடுத்தாள். என் காதால் கேட்டேன். கோப்பித் தட்டை ஏந்திக்கொண்டு அவள் எதிரில்தான் நின்றேன்.

நான் என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? கோப்பி கொடுத்தேன்.

கிராணியைத் திட்டினேன். கோயில்காரர்களைத் திட்டினேன். அந்தத் தம்பின்காரியை மனசுக்குள் எத்தனை திட்டு திட்டினேன் என்று சொன்னால் இந்தத் தாள் பொசுங்கிவிடும். பதினோரு நாளாகக் கோபத்தை ஒவ்வொருவர் வாசலிலும் இறக்கி வைத்துப் பார்க்கிறேன். எங்கேயும் நிற்க மாட்டேன் என்கிறது. திரும்பத் திரும்ப என் வீட்டுக்கே வருகிறது.

செல்வி பக்கத்தில் உட்கார்ந்திருந்தது நான்தான்.

அன்று எனக்குக் காட்டு வேலை இல்லை. டவுனுக்குப் போக மெயின் ரோடு வரை டிரெய்லரில் ஏறினேன். மூலைக் கம்பியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏறும்போதே பார்த்தேன், பலகையின் கொக்கி போடாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அண்ணனிடம் சொல்ல வாயெடுத்தேன். அவனுக்குத் தெரியாததா என்று விட்டுவிட்டேன். செல்வி தன் பள்ளிக்கூடப் பையை என்னிடம் கொடுத்து, “அக்கா, ஒரு நிமிசம் பிடிங்க, ரிப்பன் அவுந்துருச்சு” என்றாள். இரண்டு கையும் சடையில் இருந்தன. வளைவில் பலகை திறந்தது. அவள் அதோடு போனாள். பை என் மடியிலேயே இருந்தது.

குதிக்கிற பிள்ளை பையை இன்னொருத்தியின் மடியில் விட்டுவிட்டா குதிக்கும்? இந்த ஒரு வார்த்தையை அன்றைக்கே சொல்லியிருந்தால் கிராணி எழுதியது அத்தனையும் பொய்யாகியிருக்கும். ஆபீசில் என்னைக் கூப்பிட்டு, “நீ பாத்தியா?” என்று கேட்டார். என் அண்ணன் கதவோரம் நின்றுகொண்டிருந்தான். “கவனிக்கலைங்க ஐயா” என்றேன். அந்தப் பையை முனியம்மாவிடம் கொடுக்கும்போதுகூட, “ரோட்டோரமா கெடந்துச்சு” என்றேன். அவள் அதை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு எனக்கு நன்றி சொன்னாள்.

பெரட்டில் செல்வி கேட்டாளே, அப்போதும் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் அண்ணனே உண்மையைச் சொல்லிவிட்ட பிறகு எதற்குப் பயந்தேன்? யாரைக் காப்பாற்றினேன்? இத்தனை வருஷம் யோசித்தும் எனக்குப் பதில் தெரியவில்லை. அவனைக் காப்பாற்றத்தான் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். என்னையே காப்பாற்றிக்கொண்டேன், வேறென்ன?

உங்களுக்குத் தெரியும். இந்தத் தாமானுக்கு வந்த பிறகு என் வீட்டுக்கு நீங்கள் சும்மா வந்ததே இல்லை. ஒரு கிண்ணம் குழம்பாவது, ஒரு கொத்து கறிவேப்பிலையாவது கையில் இருக்கும். ஆனால் ஒரு நாள் வெறுங்கையோடு வந்தீர்கள். வாசலில் நின்று “உள்ள வரலாமா சரசு?” என்று கேட்டீர்கள். என்னிடம்! என் வீட்டுக்கு வர நீங்கள் கேட்க வேண்டுமா? எனக்குப் பகீரென்றது. அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தீர்கள். நான் டிவியைச் சத்தமாக வைத்தேன். நீங்கள் போய்விட்டீர்கள்.

இரண்டாம் முறை வந்தபோது, பசாருக்குப் போகிறேன் என்று பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பினேன். பசாரில் எனக்கு வாங்க எதுவும் இல்லை. மூன்றாம் முறை போன தீபாவளிக்கு முந்தின வாரம். முறுக்கு சுட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் தரையில் உட்கார்ந்து, எனக்காக மாவைப் பிசைந்து கொடுத்தீர்கள். எழும்போது, “மூணு தடவ வந்துட்டேன் சரசு” என்றீர்கள். உங்கள் குரலில் கோபம் இல்லை. நான் எண்ணெயைப் பார்த்துக்கொண்டே, “அடிக்கடி வாங்க அண்ணி” என்றேன்.

எனக்கு எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்கள்.

உங்கள்மேலும் எனக்குக் கோபம்தான். கழுத்தைப் பிடித்துக் கேட்டிருக்கக் கூடாதா? “நீ பாத்தியா இல்லையா?” என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் கொட்டியிருப்பேனே? இல்லை, மாட்டேன். கவனிக்கவில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். கிராணியிடம் சொன்னது போலவே. அதனால்தான் நீங்கள் கேட்கவில்லை போலும். நானாக வந்து சொல்வேன் என்று காத்திருந்தீர்கள். காத்திருந்தவர் ஒரு மத்தியானம் துணி காயப்போட்டுக்கொண்டிருக்கும்போதே கீழே சாய்ந்துவிட்டீர்கள்.

சாவு வீட்டில் செல்வி என்னிடம் வந்தாள். அண்ணன் மூலையில் உட்கார்ந்திருந்தான். அவள் அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. உங்கள் காலைத் தொட்டுவிட்டு வந்து என் பக்கத்தில் நின்றாள். “அத்தை ஒரு தடவகூட எங்கிட்ட, மாமாவ மன்னிச்சிருன்னு சொல்லல சரசக்கா. அதான் வந்தேன்” என்றாள். நான் அவளுக்கும் கோப்பி கொடுத்தேன். அவள் ஒரு கையால் வாங்கிக் குடித்தாள். எனக்கு நன்றி சொன்னாள், அவள் அம்மாவைப் போலவே.

செயலாளருக்கு உருக்கம் வேண்டுமாம். இதோ எழுதிவிட்டேன்.

முதலில், இந்தத் தாள்களை அப்படியே அவரிடம் கொடுத்து, ஞாயிற்றுக்கிழமை அத்தனை பேர் முன்னாலும் ஒலிபெருக்கியில் வாசிக்கலாம் என்றுதான் உட்கார்ந்தேன். எழுதி முடிக்கும்போது உங்கள் முகம் ஞாபகத்துக்கு வந்தது. “அவளக் கேட்டியா?” என்று கேட்பீர்கள். கேட்கவில்லை. என் மனப்பாரத்தை இறக்கிக்கொள்ள, அவளிடம் ஒரு சொல் கேட்காமல், அவள் கையை மறுபடியும் கூட்டத்தின் நடுவில் தூக்கி வைக்கப் பார்த்தேன். நீங்கள் எட்டாம் நாள் செய்ததையே நான் பதினாறாம் நாள் செய்ய இருந்தேன், அண்ணி.

நாளைக் காலை முதல் பஸ்ஸில் சிரம்பானுக்குப் போகிறேன். அங்கே இப்போது குடியிருக்கிற செல்வியின் வீட்டு வாசலில் நின்று, உள்ளே வரலாமா என்று கேட்பேன். வெறுங்கையோடு போகிறேன், இந்தத் தாள்கள் மட்டும்தான். வேண்டாம் என்றால் திரும்பி வந்து, இன்னொரு நாள் போவேன். உள்ளே விட்டால், பை என் மடியில் இருந்தது என்று முதலில் என் வாயால் சொல்வேன். அவள் வைவாள். அடித்தாலும் வாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு இதை அவள் படிக்கட்டும். மலரில் வரவேண்டுமா, ஞாயிற்றுக்கிழமை நான் எழுந்து நின்று சொல்ல வேண்டுமா, அந்தத் தம்பின்காரி வீடுவரை போய்ச் சொல்ல வேண்டுமா, எதுவுமே வேண்டாமா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவள் சொன்னபடி செய்வேன். இது உங்கள் பேரில் சத்தியம்.

அதுவரை மலரில் என் இரண்டு பக்கமும் வெறுமையாகவே கிடக்கட்டும். ஒளிவட்டத்தை எடுக்காவிட்டால் போகிறார்கள், அந்த ‘மன்னிக்க வைத்த’வை மட்டும் எப்படியாவது சண்டை போட்டு எடுத்துவிடுகிறேன்.

யாராவது இதை அச்சில் படிக்கிறீர்கள் என்றால், செல்வி “போடுங்க” என்று சொல்லிவிட்டாள் என்று அர்த்தம். அவ்வளவுதான். அவள் என்னை மன்னித்துவிட்டாள் என்று யாரும் போய்ச் சொல்லிக்கொண்டு திரியாதீர்கள்.

உங்கள் நாத்தனார்,
அன்று டிரெய்லரில் செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்திருந்த
சரசு